மீட்டு வளர்த்த நாய்க்கு விடைகொடுக்கும் முறை

தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ கொடுமை நிறைந்த ஒரு வீட்டிலிருந்தோ மீட்கப்பட்டு வந்த நாய்க்கு, அதன் துன்பம் தீர மருத்துவர் ஊசியால் செய்யும் கருணைக்கொலையின் வழியே விடைகொடுப்பது, குட்டியிலிருந்தே நம் வீட்டில் வளர்ந்த நாய்க்கு விடைகொடுப்பதிலிருந்து சில முக்கியமான வகைகளில் வேறுபடுகிறது. அதன் வயது பல்லை வைத்துக் கணித்ததே தவிரத் திட்டமாகத் தெரிந்ததன்று. யார் கை அதை அடித்தது, எந்த வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் எங்கே விட்டார்கள் என்பதும் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. ஆனால் அந்த நினைவுகளின் தடம் நாயின் உடம்பில் இருக்கும். மனிதரை நம்பலாம் என்பதை அது மாதக்கணக்கில், சில நேரங்களில் ஆண்டுக்கணக்கில், மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டிருக்கும். அந்த நம்பிக்கை கடைசி ஒரு மணி நேரத்தில் குலைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே நம்முடைய முதற்கடமை என்று நான் கருதுகிறேன். கீழே சொல்லியிருக்கும் ஏற்பாடுகள் எல்லாம் அதை முன்னிட்டே அமைந்தவை.

நேரத்தை அறிதல்

"சாப்பிடுவதை நிறுத்தினால் தெரிந்துவிடும், அதுவரை காத்திருக்கலாம்" என்பது நாய் வளர்ப்போரிடையே பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை. மீட்கப்பட்ட நாயைப் பொறுத்தவரை இதை நம்பியிருக்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். நெடுநாள் பட்டினி கிடந்த நாய், கிடைத்ததை உடனே விழுங்கிவிடப் பழகியிருக்கும். எலும்பில் புற்றுநோய் முற்றி எழுந்து நிற்கவே சிரமப்படும் நிலையிலும் அது தட்டை நக்கித் துடைத்துவிடக்கூடும். அதேபோல், தனித்து வாழ்ந்து பழகிய நாய் தன் வலியை எளிதில் வெளிக்காட்டாது. ஆகவே முனகலையும் ஊளையையும் எதிர்பார்த்திராமல் சிறிய மாற்றங்களைக் கவனிக்க வேண்டும். ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து மாறிப் படுப்பது, ஓட்டமோ வெப்பமோ இல்லாமலே மூச்சிரைப்பது, ஒரே மூட்டை ஓயாமல் நக்குவது, இரவில் தூங்காமல் உலாவுவது, தொட்டவுடன் தசை இறுகுவது, வாசல்வரை வந்து வரவேற்கும் நாய் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வது ஆகியவை எல்லாம் வலியின் மொழியாக இருக்கலாம்.

இவற்றை மனக்கணக்காக வைத்துக்கொள்ளாமல் எழுதி வைப்பது நல்லது, ஏனெனில் நாள்தோறும் அருகிலேயே இருப்பவருக்கு மெதுவான சரிவு கண்ணில் படாது. கால்நடைப் புற்றுநோய் மருத்துவரான ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் வகுத்த ஓர் அளவுகோல் இதற்கு உதவும். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடுதலாக உள்ளனவா என்னும் கேள்வி ஆகிய ஏழுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இட வேண்டும்; நிலை நன்றாக இருந்தால் மதிப்பெண் கூடும், ஆகவே வலி நன்றாகக் கட்டுக்குள் இருந்தால் அதற்கு 10. மொத்தம் 35-ஐத் தாண்டினால் நாயின் வாழ்க்கைத்தரம் தொடர்ந்து பேணத்தக்க நிலையில் இருக்கிறது என்று கொள்ளலாம். வலி என்ற தலைப்பிலேயே மூச்சுவிடும் வசதியும் அடங்கும். வீட்டில் இருவர் தனித்தனியே மதிப்பெண் இட்டுப் பிறகு ஒப்பிட்டால், ஒருவருடைய ஆசை கணக்கை வளைப்பது குறையும். மேலே சொன்ன காரணத்தால் பசிக்கான மதிப்பெண்ணை மட்டும் சற்று ஐயத்தோடு பாருங்கள். மகிழ்ச்சிக்கான மதிப்பெண்ணை இடும்போது, பிற நாய்களோடு ஒப்பிடாமல் உங்கள் நாய் நலமாக இருந்த காலத்தோடு ஒப்பிடுங்கள்; எப்போதுமே ஒதுங்கியிருந்த நாய் ஒதுங்கியிருப்பது துயரத்தின் அறிகுறி ஆகாது, ஆனால் அது வழக்கமாகப் படுக்கும் மூலையை விட்டுவிட்டு இருட்டான வேறோர் இடத்தைத் தேடிப்போவது அறிகுறியாக இருக்கலாம்.

இதயநோய் உள்ள நாய்க்கு, அது ஆழ்ந்து தூங்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சுவிடுகிறது என்று எண்ணிக் குறித்துவர வேண்டும். எண்ணிக்கை தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். எந்த நோயானாலும், ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ காணப்பட்டால் அது அவசரநிலை. முதிய நாய்களுக்கு மண்ணீரலில் வரும் ஒருவகை இரத்தக்குழாய்ப் புற்றுநோய் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வயிற்றுக்குள் இரத்தக்கசிவை ஏற்படுத்தி, காலையில் விளையாடிய நாயை மாலையில் சரித்துவிடும். ஆகவே, இரவு நேரத்தில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும், நாயை யார் தூக்குவது, எந்த வண்டியில் கொண்டுபோவது என்பவற்றை நாய் நன்றாக இருக்கும்போதே முடிவுசெய்து வைப்பது அவநம்பிக்கை ஆகாது.

வலியைத் தணிக்க வீட்டில் உள்ள மனிதர் மாத்திரைகளைக் கொடுத்துவிடக் கூடாது. இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கி இரத்தத்தையும் பாதிக்கும். நாய்களுக்கென்றே வலிநீக்கிகள் உள்ளன. இன்னும் நேரம் இருக்கிறது என்று நீங்கள் நினைத்தால், வலி முழுமையாகக் கட்டுக்குள் இருக்கிறதா என்பதை மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே அந்த முடிவில் நிலைத்திருங்கள். கருணைக்கொலையை மனம் ஏற்காத குடும்பங்களும் உண்டு. அவர்களுடைய நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் இயற்கையான முடிவுக்குக் காத்திருப்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதாகிவிடக் கூடாது. வலிநீக்கி, குமட்டலை அடக்கும் மருந்து, படுக்கைப்புண் வராமல் சில மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தல், இரவிலும் ஒருவர் அருகில் இருத்தல் ஆகிய எல்லாம் அந்த வழியின் பகுதிகள். மூச்சுத்திணறலோ அடங்காத வலிப்போ வந்தால் அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய மனம் திறந்திருக்க வேண்டும்.

மீட்டு வளர்த்தவர்களை வதைக்கும் ஒரு கேள்வி உண்டு. ஏற்கெனவே ஒருமுறை மனிதரால் கைவிடப்பட்ட உயிரை இப்போது நானும் கைவிடுகிறேனா என்பதே அது. பிழைக்கவைக்கப் போராடியவருக்கு முடிவைத் தேர்ந்தெடுப்பது துரோகம்போலத் தோன்றுவது இயல்பு. ஆனால் கைவிடுதல் என்பது நாயைத் துன்பத்தோடு தனியே விட்டுச் செல்வது. நீங்கள் செய்ய எண்ணுவதோ துன்பம் தீரும்வரை அதன் அருகிலிருந்து அகலாமல் இருப்பது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைக் குற்றவுணர்ச்சி மேலிடும்போதெல்லாம் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் முன்கூட்டியே பேச வேண்டியவை

இயன்றால் மருத்துவரை வீட்டுக்கே வரவழையுங்கள். வண்டியில் ஏற்றிச் சென்று விட்டுவிடப்பட்ட நாய்க்கு வண்டிப் பயணமே அச்சமாக இருக்கலாம். மருத்துவமனையின் வாடையும் வழுக்கும் தரையும் கூண்டுகளின் ஒலியும் பழைய காப்பக நாட்களை நினைவூட்டலாம். வீட்டுக்கு வர இயலாத மருத்துவர் என்றால், கூட்டமில்லாத நேரத்தைக் கேளுங்கள், காத்திருப்பு அறையைத் தவிர்த்து நேரே உள்ளே செல்லவோ வண்டியிலேயே நாயை உறங்கவைக்கும் முதல் ஊசியைப் போடவோ முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் மறுப்பதில்லை. கேட்கத்தான் பலருக்கும் தோன்றுவதில்லை.

இதற்கு நேர்மாறான நாய்களும் உண்டு. வீட்டுக்குள் அந்நியர் நுழைவதையே தாங்காமல் சீறும் காவல் குணமுள்ள நாய், மருத்துவமனையில் அமைதியாக இருக்கலாம். உங்கள் நாய் எப்படிப்பட்டது என்பது உங்களுக்கே தெரியும். பொது அறிவுரையைவிட அந்த அறிவு மேலானது.

பிறகு நாயின் பயங்களை ஒரு தாளில் எழுதி மருத்துவருக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். ஆண்களைக் கண்டு நடுங்குமா, தலைக்கு மேலே கை நீண்டால் கடிக்குமா, எந்தக் காலில் பழைய காயம், கழுத்துப்பட்டையைப் பிடித்தால் என்ன செய்யும், ஒரு கண்ணோ காதோ செயலற்றுப்போயிருந்தால் எந்தப் பக்கமாக அணுக வேண்டும் என்பவையெல்லாம் அதில் இருக்கட்டும். தொடவே விடாத நாய் என்றால், மருத்துவர் வருவதற்குச் சில மணி நேரம் முன்பே வீட்டில் கொடுக்கத்தக்க அமைதிப்படுத்தும் மாத்திரைகள் உள்ளன. கபாபென்டின், டிராசோடோன் போன்றவற்றை மருத்துவர் நாயின் எடைக்கும் நோய்க்கும் ஏற்ப எழுதிக்கொடுப்பார். வாய்ப்பூட்டு போட வேண்டிய தேவையை இது பெரும்பாலும் தவிர்த்துவிடும். கட்டிவைக்கப்பட்டும் அடிபட்டும் வாழ்ந்த நாயின் கடைசி நினைவு வாய்ப்பூட்டாகவும் இறுகப் பிடித்த கைகளாகவும் இருக்கக் கூடாது என்பதால், இந்த ஒன்றை மட்டும் எவ்வளவு தொல்லையானாலும் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

இறுதி மருந்துக்கு முன்பாக நாயை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தும் ஊசி போடப்படுமா என்பதையும் தெளிவாகக் கேளுங்கள். ஊசி போட இரத்தக்குழாய் கிடைக்காதபோது சில மருத்துவர்கள் இதயத்திலோ சிறுநீரகத்திலோ மருந்தைச் செலுத்துவர். நாய் முற்றிலும் நினைவிழந்த பிறகே அவ்வாறு செய்யலாம், விழிப்புடன் இருக்கும் நாய்க்கு இதயத்தில் ஊசி போடுவது ஏற்கத்தக்கதன்று. ஒப்புதல் படிவம், கட்டணம், உடலை என்ன செய்வது என்ற முடிவு ஆகிய மூன்றையும் முன்னரே முடித்துவிட்டால், அந்த நேரம் முழுவதும் நாய்க்கே உரியதாக இருக்கும்.

கடைசி நாட்கள்

கடைசி நாட்களைக் கொண்டாட்டமாக்க வேண்டும் என்ற ஆவல் பலருக்கு எழுகிறது. புதிய இடத்துக்கு அழைத்துச் செல்வது, உற்றார் உறவினர் எல்லோரையும் வரவழைப்பது, இதுவரை கொடுக்காத உணவையெல்லாம் கொடுப்பது என்று அது நீளும். மீட்கப்பட்ட நாய்களில் பலவற்றுக்கு, நாளை என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதே பெரிய நிம்மதி. அதே நேரத்தில் உணவு, அதே பாதையில் மெதுவான நடை, நடக்க முடியாவிட்டால் அதே மரத்தடியில் சற்று நேரம் இருத்தல், அதே குரல் ஆகியவை போதும். பார்க்க வருபவர்கள் நாய்க்கு வேண்டியவர்களாக இருக்கட்டும். அதை முதன்முதலில் மீட்டவரோ தத்துக்கு வரும்வரை தம் வீட்டில் வைத்துப் பேணியவரோ உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், அவருக்குச் சொல்லிவிடுங்கள். அவருக்கும் விடைகொடுக்கும் உரிமை உண்டு.

கால் தடுமாறும் நாய்க்கு, அது நடக்கும் இடங்களில் வழுக்காத விரிப்புகளைப் போட்டுவைத்தால், விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் நீங்கி அது உங்களைத் தேடி வரும். நினைவுப்பொருளாகப் பாதத்தின் அச்சை எடுக்க விரும்பினால், பாதத்தைத் தொட அனுமதிக்காத நாயை அதற்காக வருத்த வேண்டாம். மருந்தில் உறங்கிய பிறகோ இறந்த பிறகோ எடுத்துக்கொள்ளலாம். வாலிலிருந்து ஒரு கொத்து முடியையும் அவ்வாறே எடுக்கலாம். படங்கள் பெரும்பாலும் எல்லோரிடமும் இருக்கும். நாயின் குரைப்பையும், தண்ணீர் குடிக்கும் ஒலியையும், தூக்கத்தில் விடும் குறட்டையையும் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு தேடும்போது இவையே இல்லாமல் போகின்றன.

குழந்தைகளிடம் நேராகப் பேசுங்கள். நாய் இறக்கப்போகிறது, அதன் உடல் இனிக் குணமாகாது, வலிக்காமல் இறக்க மருத்துவர் உதவுவார் என்று சொன்னால் சிறு குழந்தைக்கும் விளங்கும். தூங்கவைக்கப் போகிறோம் என்று சொன்னால் குழந்தை தன் தூக்கத்தையே அஞ்சத் தொடங்கலாம். வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்று சொன்னால் தன்னையும் அனுப்பிவிடுவார்களோ என்று நினைக்கலாம். அருகில் இருப்பதா வேண்டாமா என்பதை, என்ன நடக்கும் என்று விளக்கிய பிறகு குழந்தையின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். ஆனால் அழும் குழந்தையை வெளியே அழைத்துச் செல்வதற்கென்று ஒரு பெரியவர் தனியே இருக்க வேண்டும்.

அந்த நேரம்

நாய் எங்கே படுக்க விரும்புகிறதோ அங்கேயே படுக்கட்டும். அதன் அழுக்குப் போர்வையைத் துவைக்காமல் அப்படியே அடியில் விரியுங்கள். அந்த வாடைதான் அதற்கு வீடு. மருத்துவர் வந்தவுடன் நேரே நாயிடம் செல்லாமல், சற்றுத் தள்ளித் தரையில் அமர்ந்து உங்களோடு பேசிக்கொண்டிருக்கட்டும். முதல் ஊசி தோலுக்கடியிலோ தொடைத் தசையிலோ போடப்படும். அது ஒரு நொடி சுருக்கென்று வலிக்கலாம் என்பதால், அந்த நேரத்தில் அதன் கவனத்தை ஈர்க்க விருப்பமான தின்பண்டம் ஏதேனும் கையில் இருப்பது நல்லது. நிறையத் தின்றிருந்தால் மயங்கும்போது வாந்தி வரக்கூடும். எவ்வளவு கொடுக்கலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொதுவாக 5 முதல் 15 நிமிடங்களில் நாய் ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்ந்துவிடும். நீங்கள் சொல்ல நினைத்ததையெல்லாம் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், ஏனெனில் அது உங்களை அறிந்து கேட்பது அந்த நேரம் வரைதான். பிறகு மருத்துவர் காலில் சிறிது முடியை மழித்து, இரத்தக்குழாயில் சிறு ஊசிக்குழாயைப் பொருத்தி, பென்டோபார்பிட்டால் என்னும் மயக்க மருந்தை மிகை அளவில் செலுத்துவார். அது முதலில் மூளையின் செயல்பாட்டை அடக்கிவிடுவதால் நினைவு நொடிகளில் போய்விடும்; அதன்பின் மூச்சும், சில நிமிடங்களுக்குள் இதயத்துடிப்பும் நிற்கும். மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு உறுதிசெய்வார்.

முன்பே தெரிந்திராவிட்டால் உங்களைக் கலங்கவைக்கக்கூடிய சில நிகழ்வுகள் உண்டு. கண்கள் மூடுவதில்லை. தசைகள் துடிக்கலாம். இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை பெருமூச்சுப்போல மார்பு ஏறி இறங்கலாம். சிறுநீரும் மலமும் வெளியேறலாம். இவை எவையும் நாய் உணர்ந்து செய்வன அல்ல, அது திரும்பி வருகிறது என்பதும் இல்லை. நினைவு அகன்ற பிறகு நரம்புகளும் தசைகளும் தாமாகவே செய்யும் அசைவுகளே அவை.

அருகில் இருக்க முடியாது என்று சொல்பவரை நான் குறைகூற மாட்டேன். சிலருக்கு உடல்நிலை இடம்கொடுக்காது, சிலர் வேறு நாட்டில் இருப்பர். ஆனால் முதல் ஊசி வேலைசெய்து நாய் உறங்கும்வரையிலாவது, அது நம்பும் ஒருவர் அதன் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உறங்கிய பிறகு நீங்கள் எழுந்து வெளியே சென்றுவிடலாம். நீங்கள் சென்றதை நாய் அறியாது.

அருகில் இருப்பவர் அழுவதை அடக்கிக்கொள்ள வேண்டியதில்லை. குரலை மட்டும் வழக்கமான குரலாக வைத்துக்கொண்டு, நாய்க்குப் பழகிய சொற்களையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கட்டிப்பிடிப்பதை விரும்பாத நாயைக் கடைசி நேரத்திலும் கட்டிப்பிடிக்க வேண்டாம். அதன் முன்னங்காலுக்கு அருகே கையை வைத்திருந்தாலே போதும்.

உடலுக்குச் செய்ய வேண்டியவை

சில மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கும். அதற்கு முன் கால்களை மடக்கி, நாய் உறங்கும் நிலையில் வைத்து, நீர் உறிஞ்சும் துணியின் மேல் கிடத்திக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். வீட்டில் வேறு நாயோ பூனையோ இருந்தால், அவை வந்து முகர்ந்து பார்க்க நேரம் கொடுங்கள். சில முகர்ந்துவிட்டு உடனே அகன்றுவிடும், சில அருகிலேயே படுத்துக்கொள்ளும். எதையும் தடுக்கவோ வற்புறுத்தவோ தேவையில்லை.

அடக்கம் செய்வதாக இருந்தால், இடத்துக்குரிய விதிகளைக் கேட்டறிந்து, கிணறு முதலிய நீர்நிலைகளிலிருந்து தள்ளி, குறைந்தது ஒரு மீட்டர் ஆழத்தில் குழி வெட்ட வேண்டும். ஊசி மூலம் இறந்த நாயின் உடலில் பென்டோபார்பிட்டால் நெடுநாள் சிதையாமல் தங்கியிருக்கும்; மேலோட்டமாகப் புதைத்த உடலைத் தோண்டித் தின்னும் விலங்குகளும் கழுகுகளும் அந்த நஞ்சால் இறந்துபோகும். நாயைப் போர்த்தும் துணி மண்ணில் மக்கும் பருத்தியாக இருக்கட்டும், கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். தகனம் செய்வதாக இருந்தால், சாம்பல் உங்களுக்குத் திரும்ப வேண்டுமா என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பல உடல்களைச் சேர்த்து எரிக்கும் முறையில் தனிச்சாம்பல் கிடைக்காது. தனித்தகனம் என்றால், உடலை எவ்வாறு அடையாளமிட்டுப் பின்தொடர்கிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

பிறகு வரும் நாட்கள்

மைக்ரோசிப் (நாயின் தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு) பதிவு, உரிமம், தடுப்பூசி நினைவூட்டல்கள் ஆகியவற்றை யாராவது ஒருவர் உங்களுக்காக முடித்துக்கொடுத்தால் நல்லது. இறந்த நாய்க்குத் தடுப்பூசி போட வரச்சொல்லும் செய்தி ஒன்று வந்து சேர்ந்தால் மனம் உடைந்துவிடும். எஞ்சிய மருந்துகளைக் கழிவுநீரில் கொட்டாமல் மருத்துவரிடமே திருப்பிக் கொடுங்கள். பிரிக்காத உணவையும் நல்ல நிலையிலுள்ள படுக்கைகளையும் காப்பகங்கள் ஏற்றுக்கொள்வதுண்டு. ஆனால் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே அப்புறப்படுத்த வேண்டும் என்று யாரும் உங்களை அவசரப்படுத்த விட வேண்டாம். வீட்டில் மற்றொரு நாய் இருந்தால் அது சில நாட்கள் குறைவாக உண்ணலாம், உங்களையே சுற்றி வரலாம். அதன் அன்றாட ஒழுங்கை மாற்றாமல் வைத்திருங்கள். இரண்டு நாளாகியும் உணவைத் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சமூகம் முழுமையாக ஏற்றுக்கொள்ளாத துயரத்துக்கு ஆய்வாளர் கென்னத் டோகா 1989-இல் விளக்கம் கொடுத்தார். வெளிப்படையாக அழவும் விடுப்பு எடுக்கவும் இடமில்லாதபோது துயரம் கூடுதல் சுமையாகிறது என்பது அதன் சாரம். நாயின் பிரிவு அத்தகையது. நீங்கள் நாயை அதன் முதுமையில் தத்தெடுத்து, அது ஓராண்டுகூட முழுமையாக வாழவில்லை என்றால், "கொஞ்ச நாள்தானே இருந்தது" என்பார்கள். பழகிய காலத்தின் நீளத்தை வைத்துத் துயரத்தை அளப்பவர்களோடு வாதிட வேண்டியதில்லை. நாய் வளர்த்து இழந்த ஒருவரைத் தேடிப் பேசுங்கள். பல வாரங்கள் கடந்தும் உறக்கமும் உணவும் சீராகாமல், வேலையில் மனம் செல்லாமல், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால், தாமதிக்காமல் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ அணுகுங்கள். காரணம் நாய் என்பதற்காக அவர்கள் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

மற்றொரு நாயை மீட்டு வளர்ப்பதற்கு இத்தனை நாள் கழிய வேண்டும் என்ற கணக்கு எதுவும் இல்லை. ஒருவருக்கு ஒரு மாதத்தில் மனம் வரும், மற்றொருவருக்கு வராமலே போகலாம். வரும் நாய்க்கும் அதற்கேயான அச்சங்களும் பழக்கங்களும் இருக்கும் என்பதால், போன நாய் கற்றுக்கொடுத்தவற்றில் எவை இதற்குப் பொருந்தும், எவை பொருந்தா என்று பார்க்கும் பொறுமை உங்களிடம் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐயமாக இருந்தால், காப்பகத்தில் சில மணி நேரம் நாய்களை நடத்திச் செல்ல உதவுவதிலிருந்தோ, தத்துக்கொடுக்கப்படும்வரை ஒரு நாயைத் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பேணுவதிலிருந்தோ தொடங்கலாம்.